பாலை விட்டால் எந்த மாடு பிழைக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) பிறந்தவர், கோவையில் வேலை, ஒரு வருடமாக வீகன், அதாவது பால், முட்டை, கறி என விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர். ஊருக்குப் போனால் பாட்டி தன் மாட்டுப் பாலில் போட்ட காபியை நீட்டுகிறார், வேண்டாம் என்றால் அவர் முகம் வாடுகிறது. மாமாவோ, "நீ தின்கிற கேரட்டுக்காக எத்தனை முள்ளம்பன்றி செத்திருக்கும் தெரியுமா?" என்று மடக்குகிறார். கடைசியில், "நான் ஒருவன் விட்டதால் ஒரு மாடாவது பிழைத்ததா, இல்லை எல்லாம் என் மனத்திருப்திக்குத்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, உங்கள் மாமா பேசுவது நீங்கள் எவ்வளவு சுத்தமானவர் என்பதைப் பற்றி. நீங்கள் கேட்பது உங்களால் ஏதாவது மாறுகிறதா என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதால்தான் உங்கள் வீட்டு வாதம் எந்தப் பண்டிகைக்கும் முடிவதில்லை.

நான் கால்நடை மருத்துவன். அரசுப் பணியில் பெரும்பகுதியை நீலகிரியில்தான் கழித்தேன். கொட்டகையில் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அறவியல் என் படிப்பு இல்லை, வாசித்ததையும் யோசித்ததையும் வைத்துத்தான் அந்தப் பகுதியைச் சொல்கிறேன். கோழியும் முட்டையும் நான் சாப்பிடுவதில்லை, பாலை முழுதாக விடவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பால். மாடு சும்மா பால் கறக்காது, கன்று போட்டால்தான் கறக்கும். சினை ஊசி போட்டு ஒன்பது மாதம் சொச்சம் சுமந்து, கன்று ஈன்று, சுமார் 300 நாள் கறந்து, அதற்குள் மறுபடியும் சினை பிடித்தால்தான் வீட்டுக்காரருக்குக் கட்டும். பிறக்கிற கன்றுகளில் பாதி காளை. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் காளை வேண்டியிருந்த காலத்தில் அதற்கு ஓர் இடம் இருந்தது. இந்த மலைச் சரிவில் அந்த வேலையும் எப்போதும் குறைவு. இப்போது விந்து உறைநிலையில் குழாயில் வருகிறது, காளையே தேவையில்லை. ஜெர்சி கலப்பில் பிறந்த காளைக் கன்றை வைத்துத் தீனி போட எந்தச் சிறு விவசாயிக்கும் வசதி கிடையாது.

ஒரு கொட்டகைக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது மாட்டின் மடியை அல்ல, மூலையில் கட்டியிருக்கும் கன்றை. கிடாரிக் கன்று என்றால் கீழே சாக்கு விரித்திருப்பார்கள், கயிறு நீளமாக இருக்கும், மடியில் ஒரு காம்பை அதற்கென்று விட்டுவைப்பார்கள். காளைக் கன்று என்றால் பல இடங்களில் கயிறு குட்டையாக இருக்கும், பால் இறங்குவதற்காக ஒரு நிமிடம் மட்டும் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். விலா எலும்பு தெரியும், பசியில் சுவரை நக்கிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் போனால் அந்த மூலை காலியாக இருக்கும். "வயித்தால போச்சு சார்" என்பார்கள், சில வீட்டில் அது உண்மை, சில வீட்டில் தரகர் வந்து போயிருப்பார். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அந்தக் கன்றுக்கு விடுகிற ஒவ்வொரு லிட்டரும் பால் சொசைட்டியில் (கூட்டுறவுச் சங்கத்தில்) ஊற்றாத லிட்டர், அவ்வளவுதான். தாய் மாட்டுக்கும் முடிவு கிட்டத்தட்ட அதுவே. பதினெட்டு, இருபது வருடம் வாழக்கூடிய மாடு ஐந்தாறு ஈற்றில் தளர்ந்ததும் சமவெளிச் சந்தைக்குப் போகிறது, அங்கிருந்து பெரும்பாலும் கேரளாவுக்கு. சிலர் விற்க மனமில்லாமல் அவிழ்த்துவிடுகிறார்கள். ஊட்டி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் கழிவையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்று திரிகிற மாடுகளில் பல அப்படி வந்தவை. ஆக, பாலுக்கும் கசாப்புக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் இது.

சரி, நீங்கள் விட்டதால் என்ன ஆகிறது? தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு ஊன் விற்பவர் யாருமே இருக்க மாட்டார்கள் என்கிறது குறள். வாங்குகிறவர் 'நான் கொல்லவில்லையே' என்று ஒதுங்க முடியாது என்பதை அதற்கு மேல் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே பேச்சு உலகத்தைப் பற்றி, உங்கள் கேள்வி ஒருவரைப் பற்றி. உங்கள் தெருக் கடைக்காரர் முட்டையை ஒற்றை ஒற்றையாக வாங்குவதில்லை, 30 முட்டை கொண்ட அட்டையாக வாங்குகிறார். நீங்கள் நிறுத்தியதும் பெரும்பாலான நாட்களில் அவர் கொள்முதல் மாறாது. என்றைக்கோ ஒரு நாள் 'மிஞ்சுகிறதே' என்று ஓர் அட்டையைக் குறைப்பார். அன்றைக்கு ஒரேயடியாக 30 குறையும். எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் நீண்ட காலத்துக்குச் சராசரி பார்த்தால் நீங்கள் விட்ட முட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு முட்டை என்று வந்து நிற்கும். கடைக்காரருக்குச் சொன்னது மொத்த வியாபாரிக்கும், அவருக்குச் சொன்னது நாமக்கல் பண்ணைக்கும் பொருந்தும்.

முழுதாக ஒன்றுக்கு ஒன்று என்று வராது. நீங்கள் விட்டால் விலை ஒரு துளி இறங்கும், அந்த விலையில் வேறு யாரோ கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். பெய்லி நோர்வுட், ஜேசன் லஸ்க் என்ற இரண்டு அமெரிக்க வேளாண் பொருளாதார அறிஞர்கள் 2011-ல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரு முட்டையை ஒருவர் விட்டால் மொத்தத்தில் 0.91 முட்டை குறைகிறது, அதே அளவுகோலில் கோழிக்கறி 0.76, பால் 0.56. அது அமெரிக்கச் சந்தையின் எண், இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் பாலுக்கு மட்டும் விளைவு மங்கலாக இருப்பது இங்கேயும் உண்மைதான். கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் ஊற்றும் பாலை வாங்கிக்கொள்கிறது, மிஞ்சினால் பவுடரும் வெண்ணெயுமாக மாற்றுகிறது. நீங்கள் வாங்காத அரை லிட்டரின் செய்தி உங்கள் ஹட்டியின் கொட்டகை வரை போய்ச் சேர நாளாகும், வழியில் தேயும். தேய்ந்தாலும் பூஜ்யம் ஆகாது.

இதை அடுத்து நான் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். வீகன் ஆகிறவர்களோடு பேசும்போது எல்லாருடைய சண்டையும் காபியிலேயே நிற்பதைப் பார்க்கிறேன். உயிர்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சிறு விவசாயி வீட்டு ஜெர்சி கலப்பு மாடு ஓர் ஈற்றில் சுமாராக 2,500 லிட்டர் கறக்கும். தினம் அரை லிட்டர் பால் குடிப்பவருக்கு வருடத்துக்கு 180 லிட்டர், அதாவது 14 வருடத்துக்கு ஓர் ஈற்று. எழுபது வயது வரை அப்படிக் குடித்தால் அவர் கணக்கில் வருவது ஏறத்தாழ ஒரு மாடும் அதன் ஐந்து கன்றுகளும். தினம் ஒரு முட்டை தின்பவரைப் பாருங்கள். பண்ணைக் கோழி வருடத்துக்குச் சுமார் 300 முட்டை இடும். அப்படியென்றால் வருடத்துக்கு ஒரு கோழியின் உழைப்பு முழுக்க அவருக்கே போகிறது. அந்தக் கோழி கூண்டில் நிற்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை, சிறகை விரிக்க முடியாது. முட்டையிடும் இனத்தில் சேவல் குஞ்சு கறிக்கும் உதவாது என்பதால் பெரும்பாலும் பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. ஆக ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு சேவல் குஞ்சு. எழுபது வருடத்தில் நூற்றுக்கு மேல். பிராய்லர் இன்னும் அதிகம். ஒரு கோழியில் ஒன்றரைக் கிலோவுக்குள்தான் கறி, வாரம் கால் கிலோ வாங்குபவர் வருடத்துக்கு எட்டு, ஒன்பது கோழி. அவை ஒவ்வொன்றும் ஆறு வாரம்கூட வாழாமல், சொந்த எடையைத் தாங்காத காலோடு போகின்றன.

இவை என் தோராயக் கணக்குகள், பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் வித்தியாசம் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று இருக்கும்போது அந்தப் பிழை பெரிதல்ல. நம் ஊரில் அசைவத்தைக் குறைக்க நினைப்பவர்கள் ஆட்டை விட்டுக் கோழிக்கு வருகிறார்கள், பிறகு 'முட்டை மட்டும்' என்று நிற்கிறார்கள். எண்ணிக்கைப்படி அது தலைகீழான வரிசை. ஒரு மாடு படும் துன்பத்தையும் ஒரு கோழி படும் துன்பத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்று கேட்டால், அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தராசு எதுவும் இல்லை. மாட்டின் துன்பம் ஆண்டுக்கணக்கில் நீளும், கன்றைப் பிரித்த இரவு அது கத்துவதைக் கேட்டவர்கள் லேசாகப் பேச மாட்டார்கள். அதனால் பாலை அற்பம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே முட்டையையும் கோழியையும் விட்டிருக்கிறீர்கள் என்றால், பெரிய வேலை முடிந்துவிட்டது என்கிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. கறியை விட்டுவிட்டு அதே இடத்தைப் பன்னீரால் நிரப்பினால் பால் கணக்கு எகிறும், ஒரு கிலோ பன்னீருக்கு ஆறேழு லிட்டர் பசும்பால் வேண்டும்.

இனி உங்கள் மாமாவின் முள்ளம்பன்றி. அவர் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். கேத்தி, தும்மனட்டி பக்கம் கேரட் தோட்டத்தின் ஓரமாக நடந்தால் சுருக்குக் கம்பி கண்ணில் படும். காட்டுப்பன்றிக்கு வைத்ததில் மற்ற மிருகமும் மாட்டும், காட்டு மாடு காலில் கம்பி இறுகிப் புண்ணோடு திரிவதை இந்த மலையில் பலரும் பார்த்திருப்பார்கள். பூச்சிமருந்து தெளித்த சரிவில் என்னென்ன சாகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. இந்த வாதம் புதிதும் இல்லை. 2003-ல் ஸ்டீவன் டேவிஸ் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர், உழவிலும் அறுவடையிலும் சாகும் சிற்றுயிர்களைக் கணக்கில் எடுத்தால், புல் மேயும் பெரிய விலங்கைத் தின்பதுதான் குறைந்த கொலை என்று எழுதினார். அதே ஆண்டில் கேவரிக் மதேனி என்ற ஆய்வாளர் பதில் சொன்னார்: ஓர் ஏக்கருக்கு எத்தனை சாவு என்று பார்க்கிறீர்கள், ஓர் ஏக்கர் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். பயிர் நிலம் மேய்ச்சல் நிலத்தை விடப் பல மடங்கு பேருக்குச் சோறு போடுகிறது, அதனால் ஒரு மனிதருக்கு என்று கணக்கிட்டால் செடி உணவில்தான் சாவு குறைவு. இந்தத் திருத்தம் சரி என்றே எனக்குப் படுகிறது. தவிர, கோழியும் கறவையும் காற்றைத் தின்று வளர்வதில்லை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஏதோ ஒரு வயலில் விளைந்துதான் வருகின்றன, அந்த வயலிலும் எலியும் பாம்பும் சாகின்றன. உண்மையில் எத்தனை சாகின்றன என்பதற்கு நம்பகமான எண் எங்கும் இல்லை. பூச்சிகளுக்கு வலி உண்டா என்பதும் ஆய்வில் இருக்கிற கேள்வி. அதனால் "வீகன் சாப்பாட்டில் ரத்தம் இல்லை" என்று நீங்கள் சொல்ல முடியாது. "குறைவு" என்று தைரியமாகச் சொல்லலாம்.

உங்கள் மாமா சொல்லாமல் விட்ட ஒன்றையும் நானே சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் சங்கடமானது. இந்த மலையின் காய்கறி பெரும்பாலும் கோழி எருவில் விளைகிறது. மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் ஏறி வருகிற அந்த மூட்டையைப் பிரித்தால் இறகும் சேர்ந்து கொட்டும். கூண்டுக் கோழியை எதிர்த்து முட்டையை விட்டவர் தட்டில் அதே கூண்டின் எருவில் விளைந்த கேரட் இருக்கிறது. மசினகுடிப் பக்கம் மாட்டைப் பாலுக்காக வைத்திருப்பவர்களை விடச் சாணத்துக்காக வைத்திருப்பவர்கள் அதிகமாக இருந்தார்கள், சாணம் கேரளத் தோட்டங்களுக்குப் போகும். விலங்கும் பயிரும் இங்கே அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன. இதனால் உங்கள் முடிவு பொய்யாகிவிடாது. எரு ஒரு துணை வரும்படிதான், முட்டைக்கும் கறிக்கும் வாங்க ஆள் இல்லையென்றால் எருவுக்காக மட்டும் யாரும் கூண்டு கட்ட மாட்டார்கள். உங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தால், மாமாவோடு முள்ளம்பன்றியைப் பற்றிச் சண்டை போடுவதை விட்டு, பசுந்தாள் உரமும் சுருக்கில்லாத வேலியும் ஒரு பாத்தியில் முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். அந்த ஒரு பாத்தியில் அவருக்கு வருகிற அக்கறை உண்மையானதா என்பதும் தெரிந்துவிடும்.

நிலக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூர், நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக விவசாய நிலத்தில் 83 சதவீதம் விலங்கு உணவுக்குப் போகிறது, அதிலிருந்து கிடைப்பது நாம் உண்ணும் கலோரியில் 18 சதவீதம்தான். இது உலகச் சராசரி. மலைப் புல்லில் வளர்ந்த மாடு வேறு மாதிரி என்று இங்கே சொல்வார்கள், அது பாதி உண்மை. கிக்குயு புல் பாதி வயிறு, மீதி தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் சமவெளியிலிருந்து வருகின்றன. பால் கணக்கில் யாரும் சேர்க்காத உயிர் ஒன்றும் உண்டு: பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியாவில் சில கழுகு இனங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் எஞ்சியிருப்பவற்றில் முக்கியமான கூட்டம் நம் மாயாறு பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகிறது.

பாட்டியின் காபிக்கு வருகிறேன். உங்கள் ஊரில் மாட்டுக்கு உப்பு நீர் வைக்கவே தனியாக ஒரு ஹப்பா (திருவிழா) உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களுக்கோ எருமைப் பால் கறக்கும் இடமே கோயில், மரபுப்படி அவர்கள் கறி உண்ணாதவர்கள். அந்த எருமைகள் மேய்ந்த புல்வெளியில் சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் தேயிலையும் நட்டது வெளியிலிருந்து வந்தவர்கள். செடி உணவு என்றாலே தீங்கற்றது என்று நினைப்பவர்கள் அந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலின் தீமையை எண்ணத் தொடங்குபவர் தோடர் குடியிருப்பான ஒரு மந்திலிருந்தோ பாட்டியின் ஒற்றை மாட்டிலிருந்தோ தொடங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காகப் பாட்டி வீட்டுப் பால் என்றாலே பாவமில்லை என்றும் சொல்ல மாட்டேன். அன்பாக வளர்த்த மாட்டுக்கும் காளைக் கன்று பிறக்கும்.

ஆகவே காபியை மறுப்பதா, வாங்குவதா என்பதற்கு முன்னால் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: போன தடவை பிறந்த காளைக் கன்று எங்கே? குற்றம் சொல்கிற குரலில் வேண்டாம், அவருக்கு அந்தக் கன்றின் நிறம் உட்பட நினைவிருக்கும். பிறகு ஒரு வழியும் இருக்கிறது. பாலினம் பிரித்த உறைவிந்து என்று ஒன்று வந்திருக்கிறது, பத்தில் ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அடுத்த சினை ஊசிக்கு அதைப் போடச் செய்யுங்கள். கூடுதல் செலவு இருந்தால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கறவை வற்றிய மாட்டைத் தரகரிடம் கொடுக்காமல் கடைசி வரை வைத்திருக்கத் தீனிச் செலவு மாதாமாதம் அனுப்ப முடியுமா என்றும் யோசியுங்கள். இவற்றில் ஒன்றைச் செய்தாலும் உங்கள் கண் முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் உயிருக்கு உங்களால் மாற்றம் நடந்திருக்கும். அதோடு நீங்கள் கருப்பட்டிக் கடுங்காப்பி குடித்தால் பாட்டிக்கு அது தன்னைத் தள்ளிவைப்பதாகத் தோன்றாது.

உங்களைப் பார்த்து மற்றவர்கள் மாறுவார்களா என்பதுதான் பெரிய பங்கு என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம், அதை அளப்பது கடினம். நான் பார்த்தவரை, வாதத்தில் தோற்று யாரும் கோழியை விட்டதில்லை. வீட்டில் ஒருவர் விட்டதும் சமைக்கிறவர் தனித்தனியாகச் சமைக்கச் சலித்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் எல்லாருக்கும் அவரைக் குழம்பு வைத்துவிடுவது நிறைய வீட்டில் நடக்கிறது. அந்தக் குறைவு உங்கள் ஒருவருடைய தட்டை விடப் பெரியது.

கடைசியாக, கேட்காததைச் சொல்கிறேன். ஒரு வருடமாகப் பால்கூட இல்லை என்றால் வைட்டமின் பி12 மாத்திரை எடுக்கிறீர்களா? செடி உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது, கீரையிலும் சுருள்பாசியிலும் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும் என்பதால் குறை உடனே தெரியாது, தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். கால்சியத்துக்கு உங்கள் ஊர் ராகிக் களி நன்றாக உதவும், நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது. பி12-க்கு மாத்திரைதான். அடுத்த முறை ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.